நீலகிரி இத்தலாரிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு

கண்ணு, பட்டம் வாங்கிவிட்டாய். அடுத்து சட்டமா, எம்.பி.ஏ.வா என்று வீட்டில் தினமும் பேச்சு நடப்பதாக உன் அம்மா சொன்னாள். ஆசிரியர் வேலையில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தி, பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுத்தவன் உன் மாமா. இடம் கிடைத்தவர்களையும் பார்த்தேன், கிடைக்காமல் திரும்பியவர்களையும் பார்த்தேன். கெட்டிக்காரர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். தன்னை உள்ளபடி தெரிந்துகொண்டு, தெரிந்ததை உள்ளபடி சொன்ன பிள்ளைகள்தான் பெரும்பாலும் கரையேறினார்கள். அவர்களிடமிருந்து நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1. எதற்குப் படிக்கிறாய் என்பதை முதலில் உனக்கே சொல்லிக்கொள். பெரியப்பா மகன் எம்.பி.ஏ. முடித்து பெங்களூரில் இருக்கிறான் என்பது உன் காரணம் ஆகாது. சம்பளம் வேண்டும் என்பது நியாயமான காரணம்தான், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அது உண்டு. என்னிடம் படித்த ஒரு பையன் சட்டக் கல்லூரிக்கும் மேலாண்மைக் கல்லூரிக்கும் ஒரே கட்டுரையை அனுப்பினான். கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றினான். ஓரிடத்தில் அதையும் மாற்ற மறந்துபோனான். நேர்முகத்தில் அந்த வரியையே வாசிக்கச் சொன்னார்கள். இரண்டும் வெவ்வேறு படிப்புகள். ‘இதற்கு யார் பொறுப்பு, எந்த விதிப்படி?’ என்று கேட்பது சட்டம். ‘இதை எப்படி நடத்தினால் அடுத்த வருடமும் நிற்கும்?’ என்று கேட்பது நிர்வாகம். எந்தக் கேள்வியைக் கேட்டால் உன் மனம் நிமிர்ந்து உட்காருகிறது என்று பார்.

2. அந்தக் கேள்வியைத் தேடி வெளியூர் போக வேண்டாம். அலமாரியில் கிடக்கும் பச்சைத் தேயிலை ரசீதுகளை எடு. எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தம், மாதக் கடைசியில் என்ன விலை என்று அதில் இருக்கும். அந்த விலை எங்கிருந்து வந்தது? 1963 முதல் குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிறது. 2003ஆம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. விற்ற பணத்தில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்று ஒரு பகிர்வுக் கணக்கு இருக்கிறது. அதை வைத்துத் தேயிலை வாரியம் மாதந்தோறும் சராசரி விலையை அறிவிக்கிறது. அந்த விலைக்குக் குறைத்துக் கொடுத்தால் விவசாயி எங்கே போய் முறையிடுவது? ஆதார விலை கேட்டு 2023 செப்டம்பரில் நம் படகர் ஊர்கள் உண்ணாவிரதம் இருந்தனவே, அந்தக் கோரிக்கையைச் சட்டம் எந்த வழியில் ஏற்க முடியும்? இவை வக்கீலின் கேள்விகள். தேயிலைக் கூட்டுறவு இணையமான இன்கோசர்வின் கீழ் இத்தலார் உட்பட 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. விவசாயியே உறுப்பினராக இருக்கும் தொழிற்சாலை ஏன் திணறுகிறது, முற்றிய கரட்டு இலையைக் குறைத்தால் ஏலத்தில் எவ்வளவு கூடும் என்று யோசித்தால் அது நிர்வாகியின் கேள்வி. ஒரு பெண் தன் வீட்டு ரசீதுகளில் வந்த விலையையும் வாரியம் அறிவித்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அட்டவணை போட்டாள். அவள் கட்டுரையில் ஒரு அலங்காரச் சொல்கூட இல்லை. தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் அந்த அட்டவணையைப் பற்றியே அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

3. ஊரை மறைக்காதே, ஊரை விற்கவும் விற்காதே. ‘ஊட்டி பக்கம்’ என்று மழுப்பும் பிள்ளைகள் உண்டு. அட்டையையும் குளிரையும் வறுமையையும் வரிசையாக அடுக்கி இரக்கம் கேட்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். சென்னையில் பிறந்து, கிறிஸ்தவக் கல்லூரியிலும் ஐ.ஐ.எம். கல்கத்தாவிலும் படித்த இந்திரா நூயி 1978இல் யேல் மேலாண்மைப் பள்ளிக்குப் போனார். கோடைக்கால வேலைக்கான நேர்முகத்துக்குக் கையில் இருந்த பணத்தில் மலிவாக ஒரு சூட் வாங்கிப் போட்டுக்கொண்டார். அளவு சரியாக இல்லை, அவமானத்தோடு திரும்பினார். இந்தியாவில் நேர்முகம் என்றால் என்ன உடுத்துவாய் என்று அங்கே இருந்த ஆலோசகர் கேட்க, புடவை என்றார். அடுத்த நேர்முகத்துக்குப் புடவையிலேயே போனார், வேலை கிடைத்தது. பின்னாளில் பெப்சிகோவின் தலைமைப் பொறுப்புக்கு வந்ததை நீ அறிவாய். புடவையால் வேலை கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. உடுப்பைப் பற்றிய கவலை போனதும் கேள்விக்குப் பதில் சொல்ல மனம் காலியாக இருந்திருக்கும். உன் எழுத்துக்கும் அதுவே பொருந்தும்.

4. ஒரு வருடம் முன்னால் தொடங்கு. ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வின் அறிவிப்பு ஜூலைக் கடைசியில் வரும், விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும், தேர்வு நவம்பர் கடைசியில் நடக்கும், நேர்முகங்கள் அடுத்த வருடத் தொடக்கத்தில். சட்டத்தில் பட்ட மேற்படிப்புக்கான கிளாட் பெரும்பாலும் டிசம்பரில். எம்.பி.ஏ.வுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட்டும் இருக்கிறது. பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி 2022இல் மூன்று வருட எல்.எல்.பி.யைத் தொடங்கியது, அதற்குத் தனித் தேர்வு உண்டு. இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. நவம்பர் என்றால் நம் மலையில் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டதைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். தேர்வு மையம் கோயம்புத்தூர் என்றால் முந்தைய நாளே இறங்கிவிடு. விடிகாலை பஸ்ஸை நம்பி, மரம் விழுந்த பாதையில் நின்று அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

5. வாங்கிய மதிப்பெண்ணோடு சண்டை போடாதே. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்று வருட எல்.எல்.பி.க்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பட்டப் படிப்பின் மதிப்பெண்தான் தரவரிசையை முடிவு செய்கிறது. அப்படியானால் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே நீ விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிட்டாய். இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இன்னும் இரண்டாம் வருடத்தில் இருந்தால் அவர்களுக்குச் சொல். மற்ற இடங்களில் ஒரு செமஸ்டர் இறங்கியிருந்தால் காரணத்தை ஒரே வரியில் எழுது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை என்றால் அவ்வளவுதான், அடுத்த வரியில் அதற்குப் பிறகு என்ன செய்தாய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. பேராசிரியர் மேல் பழி போட்டு ஒரு பத்தி எழுதிய பையனின் கட்டுரையில் அந்தப் பத்தி மட்டும்தான் படித்தவர் மனதில் நின்றது.

6. விட வேண்டியதை விடப் பழகு. கேட் தேர்வு 120 நிமிடம். மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3, விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 போகும். கிளாட் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். இங்கே கணக்கைவிடக் குணம்தான் அதிகம் சோதிக்கப்படுகிறது. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைகள் பலர் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கேள்வியையும் விட்டுப் பழகாதவர்கள் அவர்கள். ஒரே கணக்கில் பத்து நிமிடம் மல்லுக்கட்டுவார்கள், பக்கத்தில் நான்கு எளிய கேள்விகள் தொடப்படாமல் கிடக்கும். பயிற்சி வகுப்புக்குப் பணம் இல்லையென்றால் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போடு. போட்டு முடித்த பிறகு, எதில் தவறினாய், ஏன் தவறினாய் என்று ஒரு நோட்டில் எழுது. அந்த நோட்டைத் திருப்பிப் பார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கிறதோ அவருக்குத்தான் மதிப்பெண் ஏறும்.

7. சான்றிதழில் சுத்தமாக இரு. படகர்களான நாம் மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர், மத்தியப் பட்டியலில் ஓ.பி.சி. ஐ.ஐ.எம். போன்ற மத்திய நிறுவனங்களுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் வரவில்லை என்ற சான்று வேண்டும். அது எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதையும் அறிவிப்பில் பார்த்துக்கொள். வருட வருமான வரம்பு 8 லட்சம். விவசாய வருமானம் அதில் சேராது என்று டீக்கடையில் சொல்வார்கள். 1993ஆம் ஆண்டின் மத்திய உத்தரவு தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு வருமான வரம்பு பொருந்தும் என்கிறது. ஆகவே அப்பாவிடம் கணக்கைக் கேட்டு உண்மையைப் போடு. வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்து. நியாயம் பேசப் படிக்கப் போகிறவன் பொய்த்தாளோடு உள்ளே நுழையக் கூடாது.

8. உன்னை அறிந்தவரிடம் பரிந்துரை கேள். எம்.எல்.ஏ.வின் லெட்டர்பேடில் ‘இவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை’ என்று ஒரு வரி வாங்கி வருவதற்கு அலைவார்கள். படிக்கிறவர் அதைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். உன் ஆய்வுக் கட்டுரையைத் திருத்திய விரிவுரையாளர், நீ கணக்கு எழுதிய கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர், உனக்கு மேல் வேலை பார்த்த அதிகாரி, இவர்கள் எழுதுவதற்கு எடை உண்டு. கேட்கும்போது அவகாசம் கொடுத்துக் கேள். நீ செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொடு. ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சிலர் சொல்வார்கள். அதற்கு இணங்காமல், பணிவாக வேறொருவரைத் தேடு. இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுதிக் கொடுத்தவரிடம் போய் முடிவைச் சொல். இதைச் செய்யும் பிள்ளைகள் குறைவு; அவர்களை ஆசிரியர்கள் மறப்பதே இல்லை.

9. கட்டுரையைக் கவாத்து செய். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டும்போது பார்க்கிறவனுக்கு வயிறு எரியும். பிறகு தளிர்ப்பது தோட்டக்காரனுக்குத்தான் தெரியும். முதலில் மனதில் இருப்பதையெல்லாம் எழுது. ஒரு வாரம் மூடி வை. பிறகு யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரிகளை எடுத்துவிடு: ‘சிறு வயது முதலே எனக்கு ஆர்வம் உண்டு’, ‘சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்’. மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும், அது உன்னுடையதாக இருக்கும். இப்போது கேட்ட நொடியில் கட்டுரை எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டன, பணம் வாங்கி எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். எழுத்துப்பிழை பார்த்துக்கொள்ள உதவி கேட்கலாம். வாழ்க்கையை இரவல் வாங்காதே. நேர்முகத்தில் அந்த வரிகளுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

10. எழுதியதை வீட்டில் சொல்லிக் காட்டு. அடுப்படியில் உட்கார்ந்து, கட்டுரையில் என்ன சொல்லியிருக்கிறாய் என்று நம் வீட்டுப் பேச்சில் அம்மாவிடம் சொல். ‘இது எப்போது நடந்தது?’ என்று அவள் கேட்டால் அங்கே மிகை இருக்கிறது. ‘அன்றைக்கு நீ மழையில் போய் அந்தப் பாட்டிக்குப் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்தாயே, அதை ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டால் அங்கே விட்டுப்போன செல்வம் இருக்கிறது. கல்லூரிப் பேராசிரியர் மொழியைத் திருத்துவார். நீ நீதானா என்பதைத் திருத்த வீட்டார்தான் வேண்டும்.

11. பதவியைக் காட்டாதே, வேலையைக் காட்டு. தலைமைப் பண்பு என்றதும் பிள்ளைகள் தலைவர், செயலாளர், ஒருங்கிணைப்பாளர் என்று அடுக்குவார்கள். படகர்களில் முதல் பட்டதாரி ஆரி கவுடர். சட்டமன்றத்தில் இருந்தார், 1933இல் ஹங்கேரியில் நடந்த உலகச் சாரணர் ஜாம்போரிக்கு இந்தியக் குழுவை நடத்திச் சென்றார். இருந்தாலும் மலையில் அவர் பெயர் நிலைத்தது நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தால்தான். உருளைக்கிழங்கை மேட்டுப்பாளையத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, தரகர் சொன்ன விலையை வாங்கிக்கொண்டு திரும்பிய விவசாயிக்கு அது பிடிமானமாக இருந்தது. நீ சங்கம் தொடங்க வேண்டியதில்லை. ஊர்க் கூட்டத்தில் இரண்டு வீட்டு வரப்புத் தகராறைக் கேட்டு எழுதிவைத்தாயா? கொழுந்து வண்டிக்காரரின் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தாயா? அதை எழுது. யாருக்கு என்ன மாறியது என்பதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்.

12. தெரியாததைத் தெரியாது என்று சொல். நேர்முகத்தில் நீலகிரி என்று சொன்னதும் உன் மண்ணைப் பற்றிக் கேட்பார்கள். அதில் மட்டும் வெறுங்கையோடு போகாதே. நாடு முழுவதும் காட்டு நிர்வாகத்தை மாற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு நம் கூடலூர்ப் பக்கத்தில் மரம் வெட்டியதிலிருந்து 1995இல் கிளம்பியது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பெரிய உத்தரவு போட்டது. யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் குறித்து 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வர இ-பாஸ் வேண்டும். விடுதிக்காரர், டாக்ஸி ஓட்டுநர், காடு, குடிதண்ணீர் எல்லாம் அந்த ஒரு உத்தரவுக்குள் இருக்கின்றன. சட்ட மாணவனும் நிர்வாக மாணவனும் ஒரு மணி நேரம் பேசலாம். உன் கருத்தைச் சொல், எதிர்ப்பக்கத்தின் நியாயத்தையும் சொல். அதற்கு மேல் கேட்டால் ‘படித்ததில்லை, படிக்கிறேன்’ என்று சொல்லிவிடு. என் மாணவி ஒருத்தி அப்படிச் சொன்னபோது குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனாராம். சுற்றி வளைத்த பையனை மட்டும் விடாமல் துருவினார்கள். ஆங்கிலம் நம் மலை வாசனையோடு வந்தால் வரட்டும். மெதுவாகப் பேசு, வாக்கியத்தை முடி.

13. பணத்தை முன்பே பேசு. பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ கல்லூரிகள், சிலவற்றில் கட்டிடம் மட்டுமே பெரிது. பொதுவான வங்கித் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும். அதற்கு மேல் போனால் நிலப் பத்திரம் கேட்பார்கள். அப்பா ‘தோட்டம் இருக்கிறதே’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். நீ முடித்துவிடாதே. படித்து வெளியே வருகிறவர்களுக்கு உண்மையில் என்ன சம்பளம், மாதத் தவணை எவ்வளவு, முதல் வருடம் வேலை தாமதமானால் யார் கட்டுவது என்று தாளில் போட்டுக் காட்டு. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது பழமொழி. கடன் வாங்கினால் தவறில்லை. வீட்டாருக்குத் தெரியாத கடன்தான் தவறு.

14. மறுத்தால் மறுபடியும் முயற்சி செய், ஆனால் அதே தாளோடு போகாதே. கார்னீலியா சொராப்ஜி 1889இல் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். அங்கே சட்டம் படித்த முதல் பெண். 1892இல் தேர்வில் தேறினார். பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை என்றார்கள். பட்டம் கைக்கு வந்தது 1922இல். இடைப்பட்ட காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. பர்தாவுக்குள் இருந்த, நீதிமன்றம் வர முடியாத பெண்களின் சொத்து வழக்குகளைக் கவனித்தார். கதவு திறக்கும்வரை செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருந்தார். உனக்கு மறுப்புக் கடிதம் வந்தால் இரண்டு நாள் வருத்தப்படு. பிறகு மதிப்பெண்ணா, அனுபவமா, கட்டுரையா, எது குறைந்தது என்று நேர்மையாகப் பார். ஒரு வருடம் ஒரு வக்கீல் அலுவலகத்திலோ, கூட்டுறவுத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவிலோ உட்கார். அடுத்த முறை நீ எழுதும் கட்டுரையில் இந்த வருடமும் இருக்கும்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். இந்த வாரம் ரசீதுகளை அடுக்கு. அடுத்த வாரம் தேதிகளை எழுதி ஒட்டு. முதல் வரைவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் எனக்கு அனுப்பு. சிவப்புப் பேனாவில் இன்னும் மை இருக்கிறது.